தோல்விக்கு ஒரு திருநாள்

"எம்டன்" என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரா? ஊர் மணியக்காரரா? அல்லது, கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், உங்கள் மாமியாரா? "ஆசாமி எம்டனாச்சே!" என்று யாரையாவது சொல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம்.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மன் போர்க் கப்பல்தான் எம்டன். மறுநாள் முதல் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்துகொண்டு போன கதையைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹைகோர்ட் மதிலில் அதற்கு ஒரு நினைவுக் கல் இன்றும் இருக்கிறது.

சரி, அந்த எம்டன் பிறகு என்ன ஆயிற்று? அது தெரியவேண்டுமானால் நீங்கள் என்னோடு ஆஸ்திரேலியாவுக்கு வரவேண்டும். ஸிட்னி நகரத்தின் நடுவிலே ஹைட் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அதன் ஒரு மூலையில், மோட்டார்கள் விர்ரென்று திரும்பும் முச்சந்தியைப் பார்த்தாற்போல, ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. அது எம்டன் கப்பலின் பீரங்கி! "சென்னையைச் சுட்டது இதுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். எம்டனில் இந்த மாதிரி பத்துப் பீரங்கிகள் இருந்தன. எது சுட்டது, எது சும்மா இருந்தது என்று யார் கண்டார்கள்?

சென்னையை மிரட்டிய 48-ம் நாள், அதாவது சரியாக ஒரு மண்டலம் கழித்து, 1914 நவம்பர் 9-ந் தேதி, இந்து மகா சமுத்திரத்தில் கோக்கோஸ் தீவுகளுக்கு அருகில் எம்டன் அகப்பட்டுக்கொண்டது. அதை அடித்து நொறுக்கிய கப்பலின் பெயரும் "ஸிட்னி"தான். ஆஸ்திரேலியக் கடற்படை அப்போது பிறந்து சில வருஷங்களே ஆன குழந்தை. குழந்தையின் முதல் வெற்றி அது.

இவ்வளவு பெரிய வெற்றி பெற்றவர்கள் நவம்பர் 9-ந் தேதியைத் தேசியத் திருநாளாகக் கொண்டாடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! அன்று ஆபீஸ் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. அவர்கள் விடுமுறை விட்டு, விடியுமுன் எழுந்து, தலை குனிந்து நிற்கிற நாள் ஏப்ரல் 25. அது அவர்கள் வெற்றி பெற்ற நாள் அல்ல. படு தோல்வியில் போய் முடிந்த ஒரு படையெடுப்பின் முதல் நாள்!

விசித்திரமாக இல்லையா? வாருங்கள், அந்த விடியற்காலையைப் பார்த்துவிட்டு வருவோம்.

விடியலில் ஒரு கூட்டம்

நமக்கு ஏப்ரல் என்றால் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே அது குளிர் தொடங்குகிற காலம். ஸிட்னியில் மார்ட்டின் பிளேஸ் என்ற வீதியில் யுத்தத்தில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவு மேடை இருக்கிறது. மணி நாலரைக்கு முன்பே அங்கே கூட்டம் நெரிகிறது. கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் கிழவர்கள், அப்பாவின் தோளில் தூங்கி வழியும் குழந்தைகள், கல்லூரிப் பெண்கள். ஆயிரக்கணக்கான பேர் நின்றும் பேச்சு மூச்சு இல்லை.

பலருடைய சட்டையில் பதக்கங்கள் தொங்குகின்றன. அவை இடது மார்பில் இருந்தால், அணிந்திருப்பவரே யுத்தத்துக்குப் போனவர் என்று அர்த்தம். வலது மார்பில் இருந்தால் அவை தகப்பனாருடையவை, அல்லது பாட்டனாருடையவை. பதக்கத்தோடு ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் கொத்து ஒன்றும் குத்தியிருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் செத்து விழுந்த கலிப்போலி மலைச் சரிவுகளில் அந்தச் செடி தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஆகையால் அதற்கு இந்த மரியாதை.

சிறிது பிரார்த்தனை, சிறிது பாட்டு. பிறகு ஒரு சிப்பாய் ஊதுகொம்பை எடுத்து ஊதுகிறான். பட்டாளத்தில் பகல் வேலை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் ஊதல் அது. அது ஓய்ந்ததும் மௌனம். அந்த மௌனத்தில்தான் கீழ்வானம் வெளுக்கிறது.

1915 ஏப்ரல் 25-ந் தேதி இதே மாதிரி கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில், துருக்கி தேசத்துக் கலிப்போலி கடற்கரையில் படகுகள் போய் ஒதுங்கின. அவற்றில் இருந்தவர்கள் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து வாலிபர்கள். அந்தப் படையின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து "ஆன்ஸாக்" என்று சுருக்கியிருந்தார்கள். எம்டனை ஸிட்னி தாக்கியபோது, அதே கடலில் கொஞ்ச தூரத்தில் பட்டாளக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "ஸிட்னி" கப்பல் அந்த வரிசைக்குத்தான் காவல். அதில் பிரயாணம் செய்த பிள்ளைகளில் பலர் ஐந்தரை மாதம் கழித்துக் கலிப்போலியில் கரை இறங்கியவர்கள்!

கலிப்போலியைப் பிடித்தால் கடல் வழி திறக்கும், பிறகு துருக்கியின் தலைநகரையே பிடித்துவிடலாம் என்று லண்டனில் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் வின்ஸ்டன் சர்ச்சில். கணக்கு தப்பாகிவிட்டது. கரையிலிருந்து செங்குத்தாக எழும் மலைகள். உச்சியில் துருக்கியர்கள். அவர்களை நடத்தியவர்களில் ஒருவர் முஸ்தபா கெமால், பிற்காலத்தில் நவீன துருக்கியின் தந்தை என்று பெயர் பெற்றவர். எட்டு மாதம் குழிக்குள் கிடந்து போராடிவிட்டு, டிசம்பரில் ஆன்ஸாக் படை இரவோடு இரவாக வெளியேறியது. வெளியேறிய அந்தக் காரியம் ஒன்றுதான் அப்பழுக்கில்லாமல் நடந்தது என்று சொல்வார்கள்.

ஆஸ்திரேலியர்களில் 8,000 பேருக்கு மேலும், நியூஸிலாந்துக்காரர்களில் சுமார் 2,700 பேரும் அங்கே இறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதைவிட அதிகம். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர்களில் இறந்தவர்களோ 80,000 பேருக்கு மேல். பிடித்த நிலம் ஒன்றும் மிஞ்சவில்லை.

கல்லறை இல்லாத வீடுகள்

இந்தத் தோல்வியை ஏன் நெஞ்சில் சுமக்கிறார்கள்?

ஆஸ்திரேலியா ஒரு தேசமானது 1901 ஜனவரி 1-ந் தேதி. ஆறு குடியேற்ற நாடுகள் பேசி, ஓட்டுப் போட்டு, கையெழுத்திட்டு ஒன்றாயின. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நல்ல காரியம்தான். ஆனால் காகிதத்தில் பிறந்த தேசத்துக்குக் கதை வேண்டாமா? பதினாலு வருஷம் கழித்துக் கலிப்போலி அந்தக் கதையைக் கொடுத்தது. முதல் நாளே அந்தக் கரையில் இறங்கிய சார்லஸ் பீன் என்ற பத்திரிகைக்காரர் பிற்காலத்தில் அதைப் பாகம் பாகமாக எழுதினார். ஆபத்தில் தோழனைக் கைவிடாதவன், பெரிய உத்தியோகஸ்தன் என்பதற்காக யாருக்கும் அநாவசியமாகத் தலை வணங்காதவன், செத்துக்கொண்டிருக்கும்போதும் தமாஷ் பேசுகிறவன். இவன்தான் ஆஸ்திரேலியன் என்று ஒரு சித்திரம் உண்டாகிவிட்டது. ஒவ்வொரு ஆஸ்திரேலியனும் அப்படி இருக்கிறானா என்று கேட்டால், எல்லாத் தமிழரும் பாரி வள்ளல்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்!

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. அப்போது ஆஸ்திரேலியாவின் ஜனத்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அதில் 4 லட்சம் பேருக்கு மேல் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்; சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் ஜனங்களைக் கேட்டபோது, இரண்டு தடவையும் "வேண்டாம்" என்று ஓட்டு விழுந்தது. ஆகவே அந்த யுத்தத்தில் கடல் கடந்து போனவர்கள் அத்தனை பேரும் தாங்களாக முன்வந்தவர்கள். அதனால்தான் அங்கே சின்னஞ்சிறு ஊர்களின் நினைவுக் கற்களில் இறந்தவர்களின் பெயரை மட்டுமல்லாமல், போய்த் திரும்பி வந்தவர்களின் பெயரையும் பல இடங்களில் பொறித்திருக்கிறார்கள்.

இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் தீர்மானித்துவிட்டார்கள். பிள்ளை விழுந்த இடம் உலகத்தின் மறு கோடி. கப்பல் சத்தம் கொடுத்துப் போய்ப் பார்க்க ஏழைத் தாயால் முடியுமா? முகம் பார்க்கவில்லை, மண் போடவில்லை. நம் வழக்கில் சொன்னால் பத்தும் இல்லை, பதினாறும் இல்லை. ஆகையால் ஊர் நடுவில் நிற்கும் அந்தக் கல்தான் அவளுக்குப் பிள்ளையின் சமாதி ஆயிற்று.

அப்படிப்பட்ட ஒரு தாயின் கதையைக் கேளுங்கள். கலிப்போலியில் "ஒற்றைப் பைன் மரம்" என்று ஒரு மேடு. 1915 ஆகஸ்டில் அங்கே நடந்த பயங்கரச் சண்டையில் ஒரு சகோதரன் இறந்துபோனான். மற்றொரு சகோதரன், துருக்கியர்கள் குழிகளை மூட வெட்டிப்போட்டிருந்த பைன் கிளையிலிருந்து ஒரு காயை எடுத்து ஊரிலிருந்த அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா அந்தக் காயைப் பதின்மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். பிறகு விதைகளை எடுத்து மண்ணில் ஊன்றினாள். முளைத்த கன்றுகளில் ஒன்றை இன்வெரெல் என்ற ஊருக்கும், மற்றொன்றைத் தலைநகரான கான்பெராவுக்கும் கொடுத்தாள். 1934-ல் கான்பெராவில் நட்ட கன்று இன்று நெடிதுயர்ந்த மரம்.

பெயர்களின் மாளிகை

அந்த மரம் நிற்பது கான்பெராவின் யுத்த நினைவாலயத்து வளாகத்தில். இப்படி ஓர் ஆலயம் வேண்டும் என்று முதலில் நினைத்தவரும் சார்லஸ் பீன்தான். 1941 நவம்பர் 11-ந் தேதி அதைத் திறந்தபோது இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது! முதல் யுத்தத்துக்கென்று நினைத்துக் கட்டிய மாளிகை, திறக்கும்போதே அடுத்த யுத்தத்துக்கும் இடம் கேட்டது.

அதற்குப் போகும் ராஜபாட்டையின் நடுவே செக்கச் செவேலென்று சரளை. இரு புறமும் ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரங்கள். நடுவிலே நியூஸிலாந்துச் செடிகள். நினைவாலயத்து வாசலில் நின்று பார்த்தால், ஏரிக்கு அப்பால் நேர் எதிரே பார்லிமெண்டு. "யுத்தம் செய்வோம்" என்று தீர்மானிக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்தால், அதன் கிரயம் கண்ணில் படும். வேறு எந்தத் தலைநகரத்திலும் இது இருந்தால் நல்லதுதான்.

பாட்டையின் மேல் கோடியில் கெமால் அட்டாடர்க்குக்கும் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. தம்மை எதிர்த்து அடித்த தளபதிக்குத் தலைநகரத்திலே இடம்! 1985-ல் துருக்கி அந்தக் கடற்கரைக்கு "ஆன்ஸாக்" என்றே பெயர் வைத்தது. பதிலுக்கு இவர்கள் இங்கே இதை எழுப்பினார்கள்.

உள்ளே முற்றத்தின் இரு புறமும் நீண்ட தாழ்வாரங்கள். சுவர் முழுதும் வெண்கலத் தகடுகள். அவற்றில் 1,03,000-க்கு மேற்பட்ட பெயர்கள். பெயரோடு பதவி இல்லை. கர்னலும் சமையல்காரனும் அருகருகே வெறும் பெயராக நிற்கிறார்கள். சாவிலே என்ன உத்தியோகம்? பெயருக்குப் பக்கத்துச் சந்தில் உறவினர்கள் சிவப்புப் பாப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரே பூத்தாற்போல் இருக்கும்.

2013-லிருந்து ஒரு வழக்கம். மாலையில் ஆலயத்தை மூடும் முன், அந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்து, அவர் எந்த ஊர், என்ன தொழில் செய்தார், எப்படி இறந்தார் என்று வாசிக்கிறார்கள். ஊதுகொம்பு ஊதியதும் கதவை அடைக்கிறார்கள். நாளைக்கு ஒரு பெயர் வீதம் எல்லாப் பெயரையும் வாசித்து முடிக்க 280 வருஷத்துக்கு மேல் ஆகும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்!

பெயர் தெரியாத ஒருவனும் அங்கே இருக்கிறான். பிரான்ஸ் தேசத்து மயானம் ஒன்றிலிருந்து எடுத்துவந்து, 1993-ல் அடக்கம் செய்த சிப்பாய். அவன் யாரோ! ஆனபடியால் எல்லோருக்கும் அவன் பிள்ளை.

பிஸ்கோத்தும் சூதாட்டமும்

எப்போதும் கண்ணீர்தானா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்து, பகலில் பழைய சிப்பாய்களின் ஊர்வலமும் ஆனபிறகு, மதுக்கடைகளில் ஒரே ஆரவாரம். இரண்டு காசுகளைச் சுண்டிப் போட்டுத் தலையா பூவா என்று பந்தயம் கட்டுவது பட்டாளத்தார் விளையாட்டு. ஸிட்னி இருக்கும் மாகாணத்தில் மற்ற நாட்களில் அது குற்றம். வருஷத்தில் ஆன்ஸாக் தினம் போன்ற இரண்டொரு நாள் மட்டும் கடையிலேயே ஆடலாம். நம் ஊரில் தீபாவளிச் சீட்டாட்டத்துக்குப் பாட்டி கொடுக்கும் சலுகையைப்போல!

சகோதரிகளுக்கு ஒரு செய்தி. "ஆன்ஸாக் பிஸ்கோத்து" என்று ஒரு பலகாரம். ஓட்ஸ், மைதா, சர்க்கரை, தேங்காய்த் துருவல், வெண்ணெய், சர்க்கரைப் பாகு, சோடா உப்பு. முட்டை கிடையாது, ஆகையால் பல நாள் கெடாது. போர்முனைக்குப் பெண்கள் இதைச் செய்து அனுப்பினார்கள் என்று கதை உண்டு. ஆராய்ச்சிக்காரர்களோ, இந்தப் பெயரோடு இந்தப் பக்குவம் வந்தது கலிப்போலிக்குப் பிறகுதான் என்கிறார்கள். அங்கே சிப்பாய்களுக்குக் கிடைத்த பிஸ்கோத்து பல்லை உடைக்கும் ரகம். எப்படியானாலும், "ஆன்ஸாக்" என்ற சொல்லைச் சர்க்கார் அநுமதியின்றி வியாபாரத்துக்கு உபயோகிக்க முடியாது. பழைய பக்குவம் மாறாமல் செய்து, "பிஸ்கோத்து" என்றே விற்க வேண்டும். அமெரிக்கர் மாதிரி "குக்கி" என்று சொன்னால் சட்ட விரோதம்! ஒரு சொல்லுக்கு இவ்வளவு காவலா என்று சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லின் விலை தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

விட்டுப்போன பெயர்கள்

ஏகமனதாக எல்லோரும் இந்த நாளைக் கும்பிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். 1960-ல் ஆலன் ஸீமோர் என்பவர் எழுதிய ஒரு நாடகம் அரங்கேறியது. ஆன்ஸாக் தினம் வெறும் குடிக்கூத்து என்று மகன் சொல்ல, பழைய சிப்பாயான அப்பா கொதிக்க, வீட்டுக்குள் பாரதப் போர்! பிறகு வியத்நாம் யுத்தம் வந்தது. பிறந்த தேதிகளைக் கோலிகளில் எழுதி, குலுக்கி எடுத்து, இருபது வயதுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். வீதியெல்லாம் எதிர்ப்பு. ஊர்வலங்களில் கூட்டம் குறைந்தது. கிழவர்கள் போனதும் இந்த நாளும் போய்விடும் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள்.

ஆரூடம் பலிக்கவில்லை. 1981-ல் வந்த "கலிப்போலி" சினிமாவும், 1990-ல் பிரதம மந்திரி பாப் ஹாக் பழைய வீரர்களோடு அந்தக் கடற்கரைக்கே போய்வந்ததும் பேரப்பிள்ளைகளின் மனத்தைத் தொட்டன. கலிப்போலியில் இருந்தவர்களில் கடைசி ஆஸ்திரேலியரான அலெக் காம்பெல் 2002-ல் தமது 103-வது வயதில் காலமானார். கண்ணால் கண்டவர் ஒருவரும் மிஞ்சாதபோது கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. யுத்தத்தை அளவுக்கு மீறிப் போற்றுகிறோமே என்று கவலைப்படுகிற ஆஸ்திரேலியர்களும் உண்டு.

அவர்களுடைய மற்றொரு கேள்வி இன்னும் கூர்மையானது: "யாரை மறந்தோம்?" அந்த மண்ணின் பூர்வ குடிகள் முதல் யுத்தத்திலேயே ஆயிரம் பேர் போலச் சேர்ந்தார்கள். போர்முனையில் சமமாக உண்டு உறங்கியவர்கள் ஊர் திரும்பியதும் பழைய ஒதுக்கிடத்துக்கே போனார்கள். திரும்பிய சிப்பாய்களுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. நிலமோ ஆதியில் அவர்களுடையது! நினைவாலயத்துக்குப் பின்னால் மலைச் சரிவில் வெகு காலம் அவர்களுக்கு ஒரு சிறு தகடுதான் இருந்தது. 2019-ல்தான் வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்னம் எழுந்தது. வெள்ளையர் குடியேறியபோது இந்த மண்ணிலேயே நடந்த சண்டைகளில் மாண்ட பூர்வ குடிகளுக்கு ஆலயத்தில் எவ்வளவு இடம் என்ற விவாதம் ஓயவில்லை.

நம்மவர்களும் கதையில் இருக்கிறார்கள். கலிப்போலியில் முதல் நாளே ஆன்ஸாக்குகளோடு இந்திய மலைப் பீரங்கிப் படை இறங்கியது. கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்து மேலே கொண்டுபோனவர்கள் இந்தியர்கள். காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் காப்பாற்றிய ஸிம்ஸன் என்ற சிப்பாயின் கதை ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்கெல்லாம் பாடம். அவன் தங்கியது இந்தியர்களின் கூடாரப் பக்கத்தில். அவர்கள் அவனை "பகதூர்" என்று அழைத்தார்களாம்.

கடைசியாக, நம் நெஞ்சைச் சுடுகிற செய்தி. 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் ஜப்பானியரிடம் கைதானார்கள். அவர்களில் பலரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். அங்கே சுமார் 2,800 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். இன்று தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால், ஒவ்வொருவனுக்கும் பெயர், வயதோடு வரிசையாகக் கல். பக்கத்தில் பூச்செடி. பாறையைப் பிளந்து பாதை போட்ட கணவாயில் ஆஸ்திரேலியர்கள் காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 25-ந் தேதி அங்கேயும் விடியலில் கூடுகிறார்கள்.

அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காலரா, பட்டினி, அடி. இறந்தவர்கள் இத்தனை பேர் என்று சரியான கணக்குக்கூட இல்லை. கணக்கே இல்லாதபோது பெயர் ஏது?

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் பெயரைப் பொறித்து, பீலி சூட்டியவர்கள் நம் முன்னோர். நடுகல் நமக்குப் புதிதல்ல. ஆஸ்திரேலியர்கள் தோல்வியைக் கொண்டாடவில்லை. போனவன் பெயர் போகக்கூடாது என்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் குடும்பத்திலும் மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு பாட்டனாரோ, பெரியப்பாவோ இருந்திருக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்று சாயங்காலமே கேளுங்கள். அவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து போனார், எந்தத் தோட்டம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கான்பெராவில் அந்தப் பெரிய சுவரும் இப்படி ஒவ்வொரு பெயராகத்தான் எழும்பியது.